முன்வண்டி

"அப்பா, ஹேர் டிரையரைக் குடுங்க! காலேஜுக்கு நேரமாச்சு, தலை சொட்டுது!"

ஜன்னலிலிருந்து மகள் கத்தினாள். வாசலில் நின்ற பல்செட்டுக்காரர் திரும்பவில்லை. டிரையரை வண்டியின் இடது மட்கார்டுக்குக் காட்டியபடி, "உன் தலை தானா காய்ஞ்சிடும். இது தானா கறுக்காது" என்றார்.

மட்கார்டில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நரை விழுந்திருந்தது. வெயிலில் நிற்கிற கறுப்புப் பிளாஸ்டிக் நாளடைவில் வெளுப்பது உலக வழக்கம். வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. ஆனால் பல்செட்டுக்காரர், முப்பத்திரண்டு பல்லில் ஒரு பல் அரை நிறம் மஞ்சளாக இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவர்.

மற்றபடி அந்த வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரும்பச்சை பிக்கப். கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. முதலில் வைத்திருந்தவர் ஸ்பிரிங்குகளை மாற்றி, இடுப்பு உயர டயர்களைப் போட்டு, வண்டியை ஒன்றரை அடி தூக்கிக் கட்டியிருந்தார். பல்செட்டுக்காரரோ ஆள் கொஞ்சம் கட்டை. ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டும். ஏறிய பிறகு அந்த முக்காலியை எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அவர் மனைவி அதை வண்டி என்று சொல்வதே இல்லை. 'மாடி' என்பாள். யாராவது வந்து, "அவர் இல்லையா?" என்று கேட்டால், "மாடியில இருக்கார்" என்பாள். மாடியே இல்லாத வீட்டில் இதைக் கேட்டு விருந்தாளிகள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

டாக்டரம்மாவின் பல் ஆஸ்பத்திரிப் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறவர் அவர். அவர் கை பட்ட செட் யார் வாயிலும் ஆடியதில்லை, தும்மும்போது வெளியே வந்ததில்லை. தெருவில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். பல்லைப் பார்த்து, 'நம்ம வேலை' என்று சொல்லிக்கொண்டு போவார். இப்படிப்பட்டவருக்குப் பெருமை இருப்பதில் தப்பில்லை. கொஞ்சம் அளவுக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான். கைவேலை எதுவானாலும் தனக்கு வரும் என்று நம்பினார். தெரியாததை இன்னொருவரிடம் கேட்பது மட்டும் அவருக்கு வரவே வராது.

இந்த நரை விவகாரத்துக்குக் காரணம் சங்கம்.

மண்பாதை வண்டிச் சங்கத்தில் சேர்ந்து அவருக்கு மூன்று மாதம் ஆகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு வண்டிகள் வரிசையாகக் காட்டுப்பாதையில் ஏறி இறங்கி, ஆற்றைக் கடந்து, அக்கரையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிப்பவர் சங்கத் தலைவர். அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். எதற்குக் கேப்டன் என்று பல்செட்டுக்காரர் கேட்டதில்லை. காலையில் கேப்டன் ஒவ்வொரு வண்டியாகச் சுற்றி வருவார், உற்றுப் பார்ப்பார், பம்பரில் சாக்பீஸால் ஒரு நம்பர் போடுவார். அதிகம் பேச மாட்டார்.

மூன்று தடவையும் பல்செட்டுக்காரருக்கு விழுந்தது எட்டு. கேப்டன் அவர் வண்டியை மட்டும் இரண்டு சுற்று சுற்றுவார். கதவைத் தடவுவார். ஒரு பெருமூச்சு விடுவார். எட்டு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாவது தடவை கொள்கையைக் கைவிட்டு, "ஏன் கேப்டன், எனக்கு மட்டும் எப்பவும் எட்டு?" என்று கேட்டே விட்டார்.

"இந்த வண்டிக்கு அதுதான் சார் இடம்" என்றார் கேப்டன்.

அந்தப் பதில் அவருக்குத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இதற்குத்தான் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்பது.

முன்வண்டிக்கு இருந்த மரியாதையை நினைத்தால் வயிறு இன்னும் எரிந்தது. ஏழு வண்டிகளின் புழுதியைத் தின்றுகொண்டு அவர் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தூரத்திலிருந்து அவர் பார்த்ததெல்லாம் இதுதான்: முன்வண்டியைச் சுற்றிக் கூட்டம், கைதட்டல், விசில். அதை ஓட்டிய பேக்கரிக்காரரை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று மாதமும் பேக்கரிக்காரர்தான் முன்வண்டி, மூன்று மாதமும் தோள்தான். அவர் வண்டியில் அப்படி என்ன இருக்கிறது என்று பல்செட்டுக்காரர் குனிந்து நிமிர்ந்து சோதித்தார். தன் வண்டியைவிட அது ஒரே ஒரு விஷயத்தில் உசத்தி. அதன் மட்கார்டு கன்னங்கரேலென்று இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. முதல் மாதமே வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டார். "எப்படிங்க போச்சு?" என்று மனைவி கேட்டபோது வாய் சும்மா இருக்காமல், "நம்ம வண்டிதான் முன்னாடி" என்று சொல்லிவிட்டது.

"அப்புறம் சட்டையெல்லாம் ஏன் இவ்வளவு புழுதி?"

"முன்னாடி போறவன் மேலதானே எதிர்காத்து அடிக்கும்."

அவள் நம்பினாள். தம்பியிடம் சொன்னாள், ஆபீசில் சொன்னாள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "வர்ற ஞாயித்துக்கிழமை நாங்களும் வர்றோம். முன்னாடி போற வண்டியில ஒரு தடவையாவது உக்காந்து பாக்கணும்" என்று சொன்னாள். மகளும் தலையாட்டினாள். பல்செட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, திங்கட்கிழமை காலை. கையில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை கேப்டன் ஒன்று என்று எழுதியாக வேண்டும்; இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளை முன்னால் மானம் போய்விடும்.

"பெயிண்டர்கிட்ட விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி, காப்பியை நீட்டியபடி.

"பெயிண்டரா? அவன் கேக்கற காசுக்கு ஒரு வாய் நிறையத் தங்கப்பல் கட்டலாம். வாய்க்குள்ள வைக்கிற பல்லுக்கே நிறம் பொருத்தறவன் நான். வண்டிக்கு வெளிய இருக்கிற பிளாஸ்டிக் எனக்கு எம்மாத்திரம்?"

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்து சேர்ந்தான். போன் கடையில் வேலை. விற்கிற போன்களிலெல்லாம் வீடியோ பார்த்து உலக ஞானம் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தான்.

"மாமா, டிரையர் சூடெல்லாம் பத்தாது. பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கிற எண்ணெய் மேல வரணும். வீடியோவுல ஒருத்தன் நேரா நெருப்பையே காட்டினான். அஞ்சே நிமிஷம், புது வண்டி!"

பல்செட் வேலையில் மெழுகு உருக்கும் கேஸ் பர்னர் ஒன்று லேபில் இருந்தது. சாயங்காலம் அது வீட்டுக்கு வந்தது.

முதல் ஒரு சாண் தூரம் அதிசயம் நடந்தது. நெருப்பு பட்ட இடமெல்லாம் நரை ஓடிப்போய்க் கறுப்பு பளிச்சென்று மேலே வந்தது. பல்செட்டுக்காரர் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"இங்க வந்து பாரு! ஏய், வந்து பாருன்னா!" என்று வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் திரும்பினார், கையிலிருந்த பர்னர் திரும்பவில்லை.

மனைவி வந்து பார்த்தபோது மட்கார்டின் நடுப்பகுதி கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது, கோவிச்சுக்கிட்ட பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கிட்டு இருக்கு?"

"லேசா தளர்ந்திருக்கு. ஆனா நிறத்தைப் பாரு, நிறத்தை!" என்றார் அவர். நிறம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, தொங்கிய உதட்டை அறுத்தெடுத்தார். அறுத்த இடத்தில் பெரிய ஓட்டை. ஓட்டையை அடைப்பது அவருக்குக் கைவந்த கலை. பல்செட்டின் ஈறு செய்கிற பவுடரைத் திரவத்தில் குழைத்து அப்பினால் கல்லாக இறுகிவிடும். ஒரே ஒரு சங்கடம். அந்தப் பவுடர் ரோஸ் நிறத்தில்தான் வரும். எட்டுப் பேருக்குச் செட் கட்டுகிற பவுடரை அந்த ஒரு மட்கார்டு தின்றது. அப்பினாரா, இழைத்தாரா, அதோடு விட்டாரா? இருபத்திரண்டு வருடப் பழக்கம் விடவில்லை. நிஜ ஈறில் இருப்பதுபோல நுணுக்கமான புள்ளிகளையும் ஊசியால் குத்தி வைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஈறுகளிலேயே பெரியதும் சிறந்ததும் அதுதான்.

காலேஜிலிருந்து வந்த மகள் பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

"அப்பா, வண்டிக்குப் பல் முளைக்கப் போகுதா?"

"வேலையைப் பாரு கண்ணு. உயிரோட்டம் தெரியுதா இல்லையா?"

"அதான்பா பயமா இருக்கு."

அப்போது டாக்டரம்மா போன் செய்தார். "அந்தப் பெரியவரோட மேல்செட் என்ன ஆச்சு? சனிக்கிழமை குடுக்கணுமே. பவுடர் டப்பா வேற காலியா இருக்கு."

"காய்ஞ்சிட்டிருக்கு டாக்டர்" என்றார் பல்செட்டுக்காரர், மட்கார்டைப் பார்த்துக்கொண்டே. பொய் என்று சொல்ல முடியாது. அந்தப் பவுடர் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை ரோஸ் ஈறைக் கறுப்பாக்க மச்சினன் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி வந்தான். டயரில் படக் கூடாது என்று டயர் முழுக்கச் செய்தித்தாள் சுற்றினார்கள். கதவைப் பற்றி இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை. ஸ்பிரேயை அழுத்தவும் காற்று எழும்பவும் சரியாக இருந்தது.

ஈறு ஓரளவு கறுத்தது. கூடவே கரும்பச்சைக் கதவிலும் பானெட்டிலும் மிளகைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை எழுந்து போனபோது சிறுத்தைக்குட்டி மாதிரி போனது.

"இது ஒரு பிரச்சினையே இல்ல" என்றார் பல்செட்டுக்காரர். "கறை எடுக்கிறது நம்ம குலத்தொழில்."

வியாழக்கிழமை லேபிலிருந்து பல் மினுக்குகிற பொடியையும் துணிச் சக்கரத்தையும் கொண்டுவந்து டிரில் மிஷினில் மாட்டினார். புகையிலைக் கறை, வெற்றிலைக் கறை, இருபது வருடக் காப்பிக் கறை எல்லாம் போக்கிய பொடி. கறுப்புப் புள்ளியைப் போக்காதா? போக்கியது. புள்ளிக்கு அடியில் இருந்த மினுமினுப்பையும் போக்கியது. துடைத்துப் பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் மங்கலான வட்டம். அதைச் சரிசெய்யப் பக்கத்தில் தேய்த்தார்; பக்கத்திலும் வட்டம். சாயங்காலம் மனைவி ஆபீசிலிருந்து வந்தபோது கதவு ஒன்றில் மட்டும் பதினேழு பௌர்ணமி.

"உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணாங்கிற கதையாப் போச்சு" என்றாள்.

அவர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நாளில் முதல் தடவையாக அவர் முகம் வாடியிருந்தது. கதவில் முகம் தெரியவில்லை என்பதால் அது அவருக்குத் தெரியவில்லை; அவளுக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது அவளுக்கு.

"அட, விடுங்க. மினுமினுப்பைப் பாத்தா முன்னாடி விடறாங்க? ஓட்டற ஆளைப் பாத்துத்தானே? மூணு மாசமா உங்களைத்தானே முன்னாடி விடறாங்க?"

இதைக் கேட்டதும் அவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நானும் ஒண்ணு சொல்லணும். எங்க மேனேஜர்கூட நீங்க முன்னாடி போற போட்டோ வேணும்னு கேட்டிருக்கார். உங்களைப் பத்தி நான் அவ்வளவு பேசியிருக்கேன். இவ்வளவு வருஷத்துல நான் வெளிய பெருமையாச் சொல்லிக்க நீங்க குடுத்த விஷயம் இது ஒண்ணுதான். சரி, நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"காப்பி இருக்கான்னு கேக்க வந்தேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மச்சினன் அடுத்த ஞானத்தோடு வந்தான். "மாமா, பளபளப்பெல்லாம் பழைய காலம். இப்ப மொத்த வண்டியையும் மங்கலான கறுப்பு ஆக்கறதுதான் மோஸ்தர். நமக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருச்சு, மங்கலாத்தான் இருக்கு. கறுப்பு மட்டும்தான் பாக்கி."

ஹார்டுவேர் கடையில் இருந்ததிலேயே மலிவான மங்கல் கறுப்பு, பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட். இரண்டு டின் வாங்கி, சுவருக்கு அடிக்கும் ரோலரால் இருவரும் சேர்ந்து கரும்பச்சை முழுவதையும் மூடினார்கள். பானெட், பம்பர், கதவு, கூரை, பின்தொட்டி எதுவும் பாக்கியில்லை. முக்காலி மேல் ஏறி நின்றும் பல்செட்டுக்காரருக்குக் கூரையின் நடுப்பகுதி எட்டவில்லை. அந்த இடத்தில் மட்டும் ஒரு பச்சைத் தீவு எஞ்சியது. "கேப்டன் பறந்து வந்தா பாக்கப் போறார்?" என்றான் மச்சினன்.

சனிக்கிழமை காலை எழுந்து வந்தால், வண்டியின் இடது பக்கம் முழுக்க ஏழாம் வாய்ப்பாடு. தெருப்பிள்ளைகள் அவ்வளவு பெரிய கரும்பலகையை அதுவரை பார்த்ததில்லை. ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று எழுதியிருந்தார்கள். பல்செட்டுக்காரர் முதலில் அதை ஐம்பத்தாறு என்று திருத்தினார். பிறகுதான் ஈரத்துணியை எடுத்து அழித்தார். அழித்த இடமெல்லாம் சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது.

அதை மறைக்க ஸ்டிக்கர். சமையலறை அலமாரித் தட்டில் ஒட்டுகிற வெள்ளைத் தாள் ஒரு சுருள் மீந்திருந்தது. வண்டியின் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் வெட்டி ஒட்டுவது என்று முடிவு செய்தார். கத்தரிக்கோல் எடுத்தால் அவர் கைக்கு நிகர் கிடையாது. ஆனால் அந்தக் கைக்கு ஒரே ஒரு வடிவம்தான் தெரியும்.

"அப்பா, இது மலையா?" என்றாள் மகள்.

"பின்ன?"

"இந்த நாலு மலையும் கடைவாய்ப்பல் மாதிரியே இருக்கு. இது கோரைப்பல். நடுவுல ரெண்டு முன்பல்லு."

"மலைன்னா மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும்" என்றார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே லேசாகச் சந்தேகம் வந்தது. அடியில் உரிந்த கறுப்புக்குள் ரோஸ் ஈறு, மேலே வரிசைப்பல். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். இப்போது சரியாக இருந்தது.

மத்தியானம் புதுப் பவுடரில் செய்த மேல்செட்டைப் பெரியவருக்கு மாட்டிவிட்டார். பெரியவர் கண்ணாடியில் பார்த்தார், கடித்துப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. "தம்பி, என் சொந்தப் பல்லுகூட இவ்வளவு நல்லா இருந்ததில்லைப்பா." டாக்டரம்மாவும், "உங்க கை தங்கக் கை" என்றார். பல்செட்டுக்காரர் நெஞ்சு நிமிர்ந்து வீட்டுக்கு வந்தார். தங்கக் கை தொட்ட வண்டி வாசலில் நின்றது. ஒரு வாரம் முழுக்கத் தன் கையாலேயே இழைத்து, அப்பி, தேய்த்து, பூசி, ஒட்டிய வண்டி. கடையில் வாங்கின அழகு யாருக்கும் கிடைக்கும். இது அவர் பெற்ற பிள்ளை. சங்கத்தில் வேறு யாராவது தன் வண்டிக்கு இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா? அந்த நிமிடத்தில் உலகத்திலேயே பெருமை மிகுந்த மனிதர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் ஏழு வண்டிகள் நின்றன. எட்டாவதாக இவர் போய் நின்றதும் எல்லாத் தலைகளும் திரும்பின. தெர்மாஸிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் டம்ளர் வழிந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மனைவி முக்காலியில் கால் வைத்து இறங்கினாள். "என்னங்க, எல்லாரும் நம்மளையே பாக்கறாங்க!"

"பாக்கட்டும்."

கேப்டன் சாக்பீஸோடு வந்தார். வண்டியைப் பார்த்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார், இது... உங்க வண்டியா?"

"சாட்சாத் நம்மளுதுதான்."

"என்ன சார் ஆச்சு? எங்கயாவது..."

"எல்லாம் நானே பண்ணினது. ஒரு வாரம். வெளியாள் யாரும் கையே வைக்கல."

கேப்டன் இரண்டு சுற்று சுற்றினார். கதவைத் தடவியபோது விரல் கறுப்பானது. மட்கார்டு ஓரத்தில் கறுப்பு உரிந்து எட்டிப்பார்த்த ரோஸ் ஈறை வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை பெருமூச்சு வரவில்லை. பல்செட்டுக்காரர் அதைக் கவனித்தார். மனசுக்குள் ஒரு கதவு திறந்தது போல இருந்தது.

"இதை இப்படியேதான் வெச்சுக்கப் போறீங்களா? பழையபடி ஆக்கற எண்ணம் எதுவும்..."

"இல்ல கேப்டன். இதுதான் முடிவு."

"அப்படின்னா உங்களை முன்னாடி விடலாமா? மனசுல எதுவும் வெச்சுக்க மாட்டீங்களே?"

"இதுக்குத்தானே மூணு மாசமாக் காத்துக்கிட்டு இருக்கேன்!"

கேப்டன் குனிந்து பம்பரில் ஒன்று என்று எழுதினார். கரும்பலகைப் பெயிண்ட் அல்லவா, சாக்பீஸ் அவ்வளவு அழகாக வேறெந்த வண்டியிலும் பதிந்ததில்லை. மற்றவர்களெல்லாம் கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் ஓடிவந்து பல்செட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார்.

"நன்றி சார், ரொம்ப நன்றி! எங்க வீட்ல கேட்டா சந்தோஷப்படுவாங்க."

தன் இடம் பறிபோனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாரே, என்ன பெருந்தன்மை என்று பல்செட்டுக்காரருக்கு அவர் மேல் மரியாதை பொங்கியது. "நீங்களும் நல்லாத்தான் பண்ணிக்கிட்டிருந்தீங்க" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வண்டிகள் கிளம்பின. முன்னால் புழுதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே மரங்களும் வானமும் துல்லியமாகத் தெரிந்தன. பின்னால் ஏழு வண்டிகளும் அவருடைய புழுதியைத் தின்றுகொண்டு வந்தன. மகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வீடியோ எடுத்தாள்.

"அப்பா, சூப்பர்ப்பா! பின்னாடி ஒருத்தர் மூஞ்சிகூடத் தெரியல!"

மனைவி அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். பாதை குலுக்குகிற குலுக்கலில் கியர் மாற்ற முடியவில்லை என்றாலும் அவர் அந்தக் கையை எடுக்கச் சொல்லவில்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? நடுவுல எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. நீங்க சும்மா சொல்றீங்களோன்னு. மன்னிச்சிடுங்க" என்றாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் அவர். சொன்ன பொய் இன்றைக்கு உண்மையாகிவிட்டது. இனிமேல் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணில் நீர் முட்டியது. கண்ணாடியில் புழுதி இல்லாததால் காரணம் சொல்லக்கூட வழியில்லை.

ஆற்றங்கரை வந்தது. மேலே நல்ல மழை போலிருக்கிறது, தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. மற்ற ஏழு வண்டிகளும் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டன. ஆட்கள் இறங்கி வந்து கரையில் வரிசையாக நின்றார்கள். கேப்டன் வாயில் விசிலோடு மேட்டில் ஏறிக்கொண்டார். எல்லோர் கண்ணும் முன்வண்டி மேல். பல்செட்டுக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கரையில் ஒரு டிராக்டர் நின்றது. அதன் டிரைவர், சங்கம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வயல்காட்டிலிருந்து வருகிறவர், தோளில் கனமான கயிற்றுச் சுருளோடு வந்து, வண்டியின் பின்கொக்கியில் ஒரு முனையைக் கட்டினார்.

"எதுக்குங்க கயிறு கட்டறாங்க?" என்றாள் மனைவி.

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "முன்வண்டிக்கு மட்டும் கட்டறது. ஒரு மரியாதை" என்றார்.

டிராக்டர் டிரைவர் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் வந்தார். ஜன்னல் உயரத்துக்கு அண்ணாந்து பார்த்து, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டார்.

"முழுகினா இழுத்துப் போட நான் இருக்கேன், தைரியமா விடுங்க சார். ஆமா, இப்படி ஒண்ணுத்துக்கும் ஆகாத வண்டியா ஒண்ணை முன்னாடி விட்டு ஆழம் பாத்த பிறகு, அழகு கெட்டுடக் கூடாதுன்னு கடைசியா பொத்திப் பொத்திக் கூட்டிட்டு வருவாரே கேப்டன், ஒரு பச்சை வண்டி... அது இன்னைக்கு வரலையா?"